1/48 விமானத்துக்கு ஏர்பிரஷ்: 0.2 நாஸிலா, 0.3-ஆ? கப்பில் குமிழி வருவது ஏன்?

இறக்கை48:
வணக்கம். 1/48 (நிஜ அளவுல 48-ல ஒரு பங்கு) மாடல் விமானங்கள், இடையில 1/35 டாங்கிகள் கட்டறேன். இதுவரைக்கும் தூரிகையும் ஸ்ப்ரே கேனும்தான். இப்போ மேசையில இருக்கிறது மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6. உடல் பக்கவாட்டுல வர்ற மங்கலான புள்ளிப் பூச்சுக்கு ஏர்பிரஷ் இல்லாம வழியில்லை.

இரவல் செட் ஒண்ணு வெச்சு முயற்சி பண்ணினேன். 0.3 மிமீ டூயல் ஆக்‌ஷன் (ட்ரிகரைக் கீழே அழுத்தினா காற்று, பின்னால இழுத்தா பெயின்ட்), கீழே நேரா திருகுற பேட்டரி கம்ப்ரசர். வல்லேஹோ மாடல் கலரை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பாதிக்குப் பாதி கரைச்சேன். நடந்தது:
அரை நிமிஷம் ஒழுங்கா வருது, அப்புறம் விட்டு விட்டுத் துப்புது.
ட்ரிகரை அழுத்தினா கப்புல குமிழி வருது.
இறக்கை உடலோட சேர்ற மூலையில மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

சொந்தமா வாங்கப் போறேன். புள்ளிப் பூச்சுக்கு 0.2 மிமீ நாஸில் (பெயின்ட் வெளியே வர்ற நுனித் துளை) வாங்கறதா, 0.3 போதுமா? டேங்க் வெச்ச கம்ப்ரசர் அவசியமா?

நாஸில்நாடி:
வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுடுவோம். மூணும் ஒரே கோளாறு இல்லை. புதுசு வாங்கினாலும் இதுல ரெண்டு கூடவே வரும்.

துப்பலுக்குக் காரணம் ஆல்கஹால். வல்லேஹோ தண்ணியில கரையிற அக்ரிலிக், ஐசோப்ரொபைல் பட்டதும் அதோட பிசின் திரிஞ்சுடும். வெள்ளைத் தட்டுல ரெண்டையும் கலந்து பல்குத்தியால இழுத்துப் பாருங்க, நூல் நூலா, கட்டி கட்டியா வரும். அந்தக் கட்டி நாஸில் வாயில உட்காரும்போது வெறும் காற்று வரும், பிய்ச்சுக்கிட்டுப் போகும்போது மொத்தமாத் துப்பும். டாமியா அக்ரிலிக்குக்கு இதே ஆல்கஹால் ஒத்துப்போகும், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. அக்ரிலிக்னு பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ளே சரக்கு வேற. வல்லேஹோவுக்கு அதோட சொந்தத் தின்னர்தான். மாடல் கலர்னா பெயின்ட்டும் தின்னரும் சமமா, பத்து சொட்டுக்கு ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் (பெயின்ட் சீரா ஓட உதவுற திரவம்). மாடல் ஏர்னா ஒண்ணு ரெண்டு சொட்டுத் தின்னர் போதும்.

மூலையில சொரசொரப்பு வர்றதுக்குக் காரணம், பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடறதுக்கு முன்னாலேயே காற்றுல காய்ஞ்சு தூளாகுது. ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிறது ஒரு பங்கு, மூலையில மோதின காற்று சுழன்று திரும்பி அந்தத் தூளை அங்கேயே கொட்டுறது இன்னொரு பங்கு. மூலையைக் குறிவெச்சு நேரா அடிக்காதீங்க. அழுத்தத்தைக் குறைச்சு, மடிப்போட நீளவாக்குல ஓட்டுங்க. மூலைகளை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் சமதளத்துக்கு வாங்க.

குமிழிக்கு ஒரு சோதனை. கப்புல சுத்தமான தண்ணி ஊத்துங்க. ட்ரிகரைக் கீழே மட்டும் அழுத்துங்க, பின்னால இழுக்காதீங்க. அப்பவே குமிழி வந்தா காற்று நாஸிலோட அடிப்பக்கம் வழியாப் பெயின்ட் பாதைக்குள்ள நுழையுது, அதாவது நாஸில் தளர்ந்திருக்கு இல்லேன்னா சீல் போயிருக்கு. பின்னால இழுக்கும்போது மட்டும் வந்தா பெரும்பாலும் நாஸில் நுனி விரிஞ்சிருக்கும், அல்லது முன்மூடியில காய்ஞ்ச பெயின்ட் அடைச்சிருக்கும். செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க.

துளித்துளி:
ஏர்பிரஷ் தேர்வுக்கு என் பதில்: கப் மேலே இருக்கும் கிராவிட்டி வகை, டூயல் ஆக்‌ஷன், 0.3 அல்லது 0.35 மிமீ. 1/48-க்கும் 1/35-க்கும் இந்த ஒன்றே எல்லா வேலைக்கும் போதும்.

0.2 இருந்தால்தான் மெல்லிய கோடு வரும் என்ற நம்பிக்கை பலரைத் தவறாக வாங்க வைக்கிறது. கோட்டின் அகலத்தை நாஸில் துளையை விட அதிகமாகத் தீர்மானிப்பவை நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள தூரம், பெயின்ட்டின் நீர்மை, அழுத்தம் இந்த மூன்றும்தான். 0.3-ல் பென்சில் கோடு போடலாம். 0.2-ல் தண்ணீர் அடிப்படை அக்ரிலிக் ஊற்றினால் நுனியில் காய்ந்து அடைப்பதைத் துடைப்பதிலேயே நேரம் போகும். ப்ரைமரும் மெட்டாலிக்கும் அதற்கு இன்னும் ஆகாது, அவற்றின் துகள் பெரிது.

குறிப்பிட்ட மாடல்கள் சில. இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்பி-சிஎஸ் 0.35 மிமீ. நாஸிலில் திருகு மரை கிடையாது, தலைப்பகுதிக்குள் வெறுமனே உட்காரும். கழற்றிக் கழுவப் பழகுபவருக்கு இது பெரிய நிம்மதி. மிஸ்டர் ஹாபி பிஎஸ்-289 0.3 மிமீ, பெயின்ட் தெளிப்பு மிக மென்மை. ஆனால் அதன் நாஸில் அரிசியளவுத் திருகு, குட்டி ஸ்பேனரால் திருக வேண்டும். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் கழுத்து துண்டாகி மரை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷனில் 0.2, 0.4 இரண்டும் சேர்ந்து வரும் தொகுப்பு உண்டு. ப்ரைமருக்கும் டாங்கியின் அடிப்பூச்சுக்கும் 0.4, நுண்வேலைக்கு 0.2. மாற்றும்போது நீடில் (நாஸில் துளையைத் திறந்து மூடும் ஊசி), நாஸில் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பேட்ஜர் பேட்ரியட் 105 0.5 மிமீயில் வருகிறது. டாங்கிக்கு அருமை, உங்கள் 109-க்கு என் முதல் தேர்வு அது இல்லை.

எதை வாங்கினாலும் மாற்று நாஸிலும் நீடிலும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாள் நீடில் நுனி வளையும், அது நிச்சயம். உதிரி கிடைக்காத பெயரில்லாத ஏர்பிரஷ் அன்றோடு முடிந்தது.

காற்றழுத்தம்:
ஏர்பிரஷ்ஷை விட கம்ப்ரசர்லதான் கவனம் வேணும்னு நான் சொல்வேன். நல்ல ஏர்பிரஷ்ஷை மோசமான காற்று கெடுத்துடும்.

கீழே திருகுற பேட்டரி வகையில ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) கிடையாது அல்லது பெயருக்கு இருக்கும். பிஸ்டன் துடிப்பு அப்படியே நுனிக்கு வரும், நீளமா ஒரு கோடு போட்டா அடர்த்தி ஏறி இறங்கும். புள்ளிப் பூச்சுல இது பளிச்சுனு தெரியும்.

மாடல் வேலைக்குப் பரவலா இருக்கிறது ஏஎஸ்-186 வகை: எண்ணெய் வேண்டாத ஒத்தைப் பிஸ்டன், நிமிஷத்துக்கு 20 முதல் 23 லிட்டர், 3 லிட்டர் டேங்க், 3 பாருக்கு இறங்கினா ஓடும், 4 பார் ஆனா நிக்கும். அந்தக் குட்டி டேங்க் சத்தமில்லாம ரொம்ப நேரம் அடிக்க உதவும்னு நினைக்காதீங்க. கணக்கு இதுதான்: 4-லிருந்து 3 பார் வர்ற வரைக்கும் 3 லிட்டர் டேங்க் தர்ற காற்று சுமார் 3 லிட்டர். ஏர்பிரஷ் நிமிஷத்துக்கு 12 லிட்டர் எடுத்தா 15 வினாடியில தீர்ந்துடும். டேங்கோட வேலை துடிப்பை விழுங்கறதுதான், அதுக்கே அது அவசியம். பட்டறையில இருக்கிற 24 லிட்டர், 8 பார் கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தா அதையே வெச்சுக்கலாம். 8-லிருந்து 6 வர்றதுக்குள்ள 48 லிட்டர், நாலு நிமிஷம் மோட்டாரே ஓடாது. ஓடும்போது சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். அதுல குறைஞ்ச அழுத்தத்துக்கான ரெகுலேட்டர் ஒண்ணு தனியா மாட்டணும். 0 முதல் 10 பார் மீட்டர்ல 1.2-ஐ நம்பி வைக்க முடியாது.

அழுத்தம் வைக்கிற முறை: ட்ரிகரை அழுத்திக் காற்று போய்க்கிட்டு இருக்கும்போதுதான் ரெகுலேட்டரைத் திருப்பணும். சும்மா இருக்கும்போது 20 பிஎஸ்ஐ (1 பார்னா சுமார் 14.5 பிஎஸ்ஐ) காட்டுற மீட்டர், அழுத்தினதும் 15-க்கு விழலாம். வேலை செய்யறது அந்த 15-தான்.

அப்புறம் தண்ணி. காற்றை அமுக்கினா ஈரம் பிரியும், ஆனா சூடா இருக்கிற வரைக்கும் ஆவியாவே ட்ராப்பை (காற்றுல வர்ற தண்ணியைப் பிடிக்கிற குப்பி) தாண்டிப் போயிடும். ஹோஸ்ல குளிர்ந்ததும் அங்கே துளியாகும். ஈரமான நாள்ல இருபது நிமிஷத்துக்கு அப்புறம் பெயின்ட் நடுவுல தண்ணிப் பொட்டு விழறது இதனாலதான். ரெகுலேட்டர்ல இருக்கிற ட்ராப் போதலைன்னா ஏர்பிரஷ்ஷுக்குக் கீழே இன்னொரு குட்டி ட்ராப் மாட்டுங்க. வேலை முடிஞ்சதும் டேங்க் அடியில இருக்கிற வடிகால் திருகைத் திறந்து விடுங்க, இல்லேன்னா உள்ளே துரு பிடிக்கும்.

இறக்கை48:
ரொம்ப நன்றி. தட்டுல கலந்து பார்த்தேன், அப்படியே நூல் நூலா வந்துச்சு. தண்ணிச் சோதனையில கீழே அழுத்தினதுமே குமிழி. நாஸிலைக் கழற்றி பூதக்கண்ணாடியில பார்த்தா நுனி நல்லா இருக்கு, மரை மேல காய்ஞ்ச பெயின்ட் ஒரு வளையம் மாதிரி இருக்கு. இதை எப்படிச் சரிபண்றது? புள்ளிப் பூச்சுக்கு அழுத்தம், தூரம் எவ்வளவு?

நாஸில்நாடி:
அந்த வளையம்தான் ஆள். அது இருக்கிறதால நாஸில் முழுசா உட்காரலை, காற்று இடுக்கு வழியா உள்ளே போகுது. நாஸிலை மட்டும் லாக்கர் தின்னர்ல பத்து நிமிஷம் போடுங்க. உடம்பை முழுக்க ஊறப்போடாதீங்க, ரப்பர் ஓ-ரிங் ஊதிப்போயிடும். மென்மையான பல் இடுக்கு பிரஷ்ஷால மரையைத் தேய்ங்க. உள்பக்கத்தை ஊசியால குத்தவே கூடாது, ஒரு கீறல் விழுந்தா தெளிப்பு காலத்துக்கும் ஒரு பக்கம் சாயும். திரும்ப மாட்டும்போது மரையில தேன்மெழுகு துளியூண்டு தடவுங்க, அது இடுக்கை அடைக்கும். டெஃப்லான் டேப் இங்கே வேண்டாம். விரலால நிக்கிற வரைக்கும் திருகிட்டு, ஸ்பேனரால ஒரு தொடுதல் மட்டும்.

நீடிலைத் துடைக்கும்போது பின்னாலிருந்து நுனியை நோக்கி, சுழற்றிக்கிட்டே துடைங்க.

துளித்துளி:
புள்ளிப் பூச்சுக்கு: பெயின்ட்டை வழக்கத்தை விட நீர்க்க வையுங்கள், பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் இரண்டு பங்கு. காற்று ஓடும்போது 10 முதல் 12 பிஎஸ்ஐ. தூரம் 1 முதல் 2 செ.மீ. சாதாரணப் பூச்சுக்கு இது 15 முதல் 20 பிஎஸ்ஐ, 5 முதல் 8 செ.மீ.

கப்பில் முதலில் இரண்டு சொட்டுத் தின்னர், அதன்மேல் வெளியே கலந்து வைத்த பெயின்ட். நேராகக் கெட்டிப் பெயின்ட் ஊற்றினால் அது நாஸிலில் போய் உட்கார்ந்துவிடும்.

விரல் வரிசை: காற்று முதலில், பிறகு மிக லேசாக இழுப்பு, இழுப்பை விட்டு நுனியை மூடுவது, காற்றை விடுவது கடைசி. காற்றையும் இழுப்பையும் ஒன்றாக விட்டால் நுனியில் தங்கிய துளி அடுத்த அழுத்தலில் பொட்டாக விழும். அழகான புள்ளிப் பூச்சுகள் பெரும்பாலும் இந்த ஒரு பொட்டால்தான் கெடுகின்றன. ஒவ்வொரு முறையும் மாடலுக்கு வெளியே, ஒரு அட்டையில் தொடங்கிவிட்டு உள்ளே வாருங்கள்.

சிலந்திக்கால் போல பெயின்ட் கிளை விட்டு ஓடினால் அளவுக்கு மீறி வருகிறது அல்லது காற்று தள்ளுகிறது: இழுப்பைக் குறையுங்கள், பிறகு அழுத்தத்தை. புள்ளியைச் சுற்றித் தூள் படிந்தால் தூரம் அதிகம் அல்லது பெயின்ட் கெட்டி. அடியில் ஆர்எல்எம் 76 (ஆர்எல்எம் என்பது அன்றைய ஜெர்மன் விமானங்களின் நிற எண் வரிசை), மேலே 74, 75 புள்ளிகள் என்றால் மூன்று நான்கு மென்பூச்சுகளாக அடர்த்தியை ஏற்றுங்கள். அதிகமாகிவிட்டால் பயப்பட வேண்டாம், 76-ஐ நன்றாக நீர்க்க வைத்து மேலே ஒரு மூட்டம் விட்டால் மங்கிவிடும்.

அடிப்பூச்சுக்கு லாக்கரையும் (காட்டமான கரைப்பானில் கரையும் பெயின்ட் வகை) ஒரு முறை யோசியுங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரோடு 1:1.5 அல்லது 1:2 கலந்தால் நுனியில் காய்வதே அரிது.

காற்றழுத்தம்:
லாக்கர் பேச்சு வந்ததால இதையும் சொல்லியாகணும். என்95 மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வெச்ச ரெஸ்பிரேட்டர், அதுக்கு முன்னால தூள் வடிகட்டி, ரெண்டும் வேணும். மணம் தெரிய ஆரம்பிச்சா முகத்தோட சரியா ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஒட்டியிருந்தா கார்ட்ரிட்ஜை மாத்துங்க. ஸ்ப்ரே பூத் காற்றை வெளியே தள்ளுறதா இருக்கணும். அறைக்குள்ளேயே திருப்பி விடுற ஸ்பாஞ்ச் வடிகட்டி ஆவியைப் பிடிக்காது. அக்ரிலிக்கா இருந்தாலும் தெளிச்ச தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்க.

இறக்கை48:
மெழுகு தடவினதும் குமிழி நின்னுடுச்சு. தண்ணியில நேரான கோடு வருது. ஏஎஸ்-186 வகையும் 0.35-ம் வாங்க முடிவு பண்ணிட்டேன். ஹோஸ் ரெண்டு பக்கமும் பொருந்துமான்னு எப்படிப் பார்க்கறது?

காற்றழுத்தம்:
கம்ப்ரசர் பக்கமும் இவாட்டா, ஹார்டர் பக்கமும் பொதுவா 1/8 அங்குல பிஎஸ்பி மரை, அதே ஹோஸ் போதும். பேட்ஜர், பாஷேக்கு மரை வேற, அடாப்டர் வேணும். முனையில ஓ-ரிங் இருந்தா டேப் சுத்தாம கையால முறுக்குங்க. சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு பாருங்க. யாரும் தொடாமலே கம்ப்ரசர் சில நிமிஷத்துக்கு ஒருதரம் தானா ஓடினா எங்கேயோ கசியுது, ஒவ்வொரு இணைப்பா அதே சோப்புத் தண்ணியால தேடுங்க.