நம்பை 2.0: ஞாயிற்றுக்கிழமை வெளியீடு குற்றமா?

வைகைக்கரையான்:
நேற்று, பைத்தான் நிரல்மொழியின் எண்கணக்கு நூலகமான நம்பை (NumPy) பற்றிய வேறொரு இழையில் கட்டுமானன் அவர்கள் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. "நம்பை 2.0 பதிப்பை ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டது பொறுப்பற்ற செயல்; திங்கட்கிழமை காலையில் அத்தனை பைத்தான் நிரல்கள் உடைந்து கிடந்ததற்கு அதுவே காரணம்" என்கிறார். 2024 ஜூன் 16 ஞாயிற்றுக்கிழமைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாள் முன்னறிவிப்பில்லாமல் வந்த நாளன்று. மே 23 அன்றே, அதாவது இருபத்து நான்கு நாட்களுக்கு முன்பே, இன்ன தேதியில் வெளியிடப் போகிறோம் என்று நம்பை குழு தன் தளத்தில் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதற்கும் முன்பே முன்வெளியீடுகள் வந்து, அவற்றைக் கொண்டு சோதித்து, ஏப்ரல் மாதத்திலேயே நம்பையைச் சார்ந்த நூலகங்களான சைபை 1.13, பாண்டாஸ் 2.2.2 ஆகியவை புதிய நம்பையோடு இயங்கும்படி வெளிவந்துவிட்டன. 212 பேர் 1078 இணைப்புக் கோரிக்கைகளின் (நிரல் மாற்ற முன்மொழிவுகளின்) வழியாக உழைத்து, 2006க்குப் பிறகு முதன்முறையாக ஒரு முதன்மைப் பதிப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவருக்குத் தோன்றிய ஒரே கேள்வி "என்ன கிழமை?" என்பதாக இருந்தால், அவர் இந்தத் துறையில் எதை மதிக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கட்டுமானன்:
என் வரியை முழுமையாக எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றப் போவதில்லை. தேதியை முன்கூட்டியே அறிவித்தார்களா என்பது என் கேள்வியே அன்று. தவறான நாளை முன்கூட்டியே அறிவித்தாலும் அது தவறான நாள்தான். பழைய 1.x பதிப்பின் தலைப்புக் கோப்புகளை (நம்பையின் உள்ளமைப்பைச் சி மொழி நிரலுக்குச் சொல்லும் கோப்புகளை) வைத்துக் கம்பைல் செய்த, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றிய, எந்தத் தொகுதியையும் 2.0 உடன் ஏற்றினால், "இது இயங்காது, செயலிழக்கக்கூடும்" என்று நம்பையே செய்தி காட்டி நிறுத்துகிறது. இவ்வளவு ஆழமான மாற்றத்தை ஞாயிற்றுக்கிழமை, பைத்தான் தொகுதிகளின் பொதுக் களஞ்சியமான பை.பி.ஐ. (PyPI) தளத்தில் ஏற்றினால், அடுத்த நிமிடத்திலிருந்து தொகுதிகளை நிறுவும் கருவியான பிப் (pip) அதையே இறக்கித் தரும். அன்று இரவு ஓடும் தானியங்கிக் கட்டமைப்புகள் அனைத்தும் அதையே எடுக்கும். அதைச் சரிசெய்ய வேண்டியவர்களோ, நம்பையின் மேல் நிற்கும் நூலகங்களின் பராமரிப்பாளர்கள் உட்பட, விடுமுறையில் இருப்பார்கள். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு வியாழக்கிழமையில் வருகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைத்தான் 3.12கூட 2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை அன்றுதான் வந்தது. இவர்களுக்குத் தெரிந்தது நம்பை குழுவுக்கு ஏன் தெரியவில்லை?

வைகைக்கரையான்:
சம்பளம் கொடுத்து ஆயிரக்கணக்கானோரை வைத்திருக்கும் நிறுவனங்களின் நாட்காட்டியை எடுத்து, கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் தலையில் வைக்கிறீர்கள். நிறுவனங்களையே ஏன் பார்க்க வேண்டும்? லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பாருங்கள். 5.0 பதிப்பு 2019 மார்ச் 3, 6.0 பதிப்பு 2022 அக்டோபர் 2, 6.9 பதிப்பு 2024 மே 12. மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். அதை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியிடுவது ஊரறிந்த வழக்கம். நம்பையின் வரலாற்றையே புரட்டினாலும் இதுதான் தெரியும். 1.24.0 வந்த 2022 டிசம்பர் 18 ஒரு ஞாயிறு. 1.25.0 வந்த 2023 ஜூன் 17ஆம் தேதியும் 1.26.0 வந்த அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதியும் சனிக்கிழமைகள். பிற வேலைகளுக்கிடையே திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு வார இறுதியில்தான் தொடர்ச்சியாகச் சில மணி நேரம் கிடைக்கிறது. இத்தனை வார இறுதிகளில் வராத கோபம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஏன் வந்தது என்று விளக்குங்கள்.

கட்டுமானன்:
விளக்குகிறேன். கெர்னல் ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தால் திங்கட்கிழமை காலையில் அது யாருடைய வழங்கியிலும் தானாகப் போய் உட்காருவதில்லை. நடுவில் கெர்னலைச் சேர்த்துத் தொகுத்துத் தரும் டெபியன், ரெட் ஹாட், உபுண்டு போன்ற வழங்கல்கள் வாரக்கணக்கில் சோதித்த பிறகே அது பயனருக்கு வருகிறது. அதோடு, பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது கெர்னலில் எழுதப்படாத சட்டத்தைவிடக் கடுமையானது. பிப்புக்கும் பயனருக்கும் இடையில் அப்படி யாரும் நிற்பதில்லை. ஏற்றிய கணமே அது எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது. 1.25, 1.26 ஆகியவை கம்பைல் செய்து வைத்த இருமக் கோப்புகளை உடைக்கவில்லை. அதனால் அவை எந்தக் கிழமையில் வந்தாலும் எனக்குக் கவலையில்லை. 2.0 உடைத்தது, ஞாயிற்றுக்கிழமை உடைத்தது.

சுழியம்:
நண்பர்களே, கிழமையை விட்டுவிட்டு உண்மையான சிக்கலைப் பார்க்கலாமா? நான் நம்பையைச் சார்ந்த ஒரு சிறிய நூலகத்தைப் பராமரிக்கிறேன். ஒரு நூலகத்துக்குத் தேவையான பிற நூலகங்களைக் குறிக்கும் சார்புப் பட்டியலில் "நம்பை<2" என்று, அதாவது 2க்குக் குறைந்த பதிப்பே வேண்டும் என்று, மேல்வரம்பு எழுதியிருந்தவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். இயந்திரக் கற்றல் நூலகமான டென்சர்ஃப்ளோ 2.16 அப்படித்தான் எழுதியிருந்தது. அதனால் அதன் பயனர்களிடம் புதிய நம்பை போய்ச் சேரவே இல்லை. 2024 அக்டோபரில் 2.18 வந்தபோதுதான் அவர்கள் நிதானமாக மாறினார்கள். வரம்பு எழுதாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

வைகைக்கரையான்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சுழியம் எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். நம்பையின் சி மொழி நிரல்முகத்தைப் (API) பயன்படுத்துகிறவர்கள் மேல்வரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று நம்பை ஆவணத்திலேயே அறிவுறுத்தியிருந்தார்கள். மறுபக்கத்தில், 2.0 தலைப்புக் கோப்புகளைக் கொண்டு கம்பைல் செய்த தொகுதி 1.x உடனும் இயங்கும்படி வடிவமைத்துக் கொடுத்தார்கள். ஒரு முறை மீண்டும் கம்பைல் செய்து ஏற்றினால் இரண்டு தலைமுறைக்கும் ஒரே கோப்பு போதும். பெயர் மாறிய செயற்கூறுகளைத் தாமாகவே திருத்திக் கொடுக்க நிரலைச் சோதித்துத் திருத்தும் ரஃப் (Ruff) கருவியில் தனி விதியே இருந்தது. இவ்வளவையும் செய்து வைத்தவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒருவர் அழைக்கிறார், அதுவும் கிழமையின் பெயரால்! வீட்டைக் கட்டி, சாவியைக் கையில் கொடுத்து, கதவைத் திறந்தும் வைத்த பிறகு, கிரகப்பிரவேசத்துக்கு நாள் சரியில்லை என்று சண்டை பிடிக்கும் உறவினரைப் போல இருக்கிறது இந்த வாதம்.

கட்டுமானன்:
சுழியம் சொல்வது பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வைகைக்கரையான் முழு வெற்றியை அறிவிக்கிறார். இன்று நீங்கள் மேல்வரம்பு எழுதலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பை.பி.ஐ.யில் ஏற்றிய பழைய கோப்பின் சார்பு விவரத்தை யார் போய்த் திருத்துவது? ஏற்றிய கோப்பை அங்கே மாற்ற முடியாது. மற்றொரு தொகுதிக் களஞ்சியமான காண்டா-ஃபோர்ஜில் விவரப் பட்டியலைப் பின்னாளிலும் ஒட்டுப் போட்டுத் திருத்தலாம், பிப் உலகில் அந்த வசதி இல்லை. வரம்பில்லாத பழைய தொகுதியும் புதிய நம்பையும் கைகோத்துக்கொண்டு வரும்போது, "எதிர்பார்த்த அளவு 96, கிடைத்தது 88" என்று யாருக்கும் புரியாத பிழைச் செய்தி வருகிறது. அதைத் திங்கட்கிழமை காலையில் முதன்முறையாகப் பார்க்கும் மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்? இதே செய்தி செவ்வாய்க்கிழமை மதியம் வந்திருந்தால், அந்தந்த நூலகத்தின் பராமரிப்பாளர்கள் விழித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது இரண்டு நாட்கள் தள்ளிவைக்கும் நிதானம் மட்டுமே.

சுழியம்:
கட்டுமானன், நான் சொன்னதைப் பாதி உண்மை என்று நீங்கள் சொன்னது வருத்தமளிக்கிறது. நூலகங்கள் எல்லாவற்றிலும் மேல்வரம்பு எழுதினால் என்ன ஆகும் என்று உங்கள் இருவருக்கும் தெரியாதது போலப் பேசுகிறீர்கள். ஒரு நூலகம் "<2" என்று சொல்லும், இன்னொன்று ">=2" என்று சொல்லும், இரண்டும் வேண்டும் என்பவருக்குப் பிப் எதையும் நிறுவாது. பயன்பாட்டை எழுதுகிறவர்தான் பதிப்புகளைக் குறிப்பிட்ட எண்ணில் பூட்டி வைக்க வேண்டும், நூலகம் எழுதுகிறவர் யோசித்துத்தான் வரம்பு வைக்க வேண்டும்.

வைகைக்கரையான்:
சுழியம், சற்று முன் வரம்பைப் புகழ்ந்தவரும் நீங்கள்தான், இப்போது வரம்பை வேண்டாம் என்பவரும் நீங்கள்தான். சென்ற ஆண்டு பைத்தான் தொகுதிகளைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் பற்றிய இழையிலும் இப்படித்தான் இரண்டு பக்கமும் நின்று, கடைசியில் நான்தான் கடுமையாகப் பேசினேன் என்று மட்டுறுத்துநரிடம் முறையிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

சுழியம்:
அந்த இழையில் நான் முறையிட்டது உங்கள் வாதத்தைப் பற்றியன்று, ஒரு புதிய பங்களிப்பாளரை நீங்கள் அவமதித்ததைப் பற்றி. அதை இங்கே இழுத்து வந்தவரும் நீங்கள்தான்.

எறும்பு:
இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும், வைகைக்கரையான் அண்ணா. வார இறுதியில்தான் நேரம் கிடைக்கும் என்று எழுதினீர்கள். ஆனால் 2017இலேயே மூர் அறக்கட்டளையின் நிதி பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியாக நம்பைக்குக் கிடைத்தது, 2019இல் சான் ஸக்கர்பெர்க் அமைப்பும் நிதி கொடுத்தது. பணம் பெறும் திட்டத்துக்குத் தன்னார்வம் என்ற பெயரைச் சூட்டி எல்லாக் கேள்விகளையும் தவிர்ப்பது சரியா? டோர்வால்ட்ஸும் லினக்ஸ் அறக்கட்டளையிடம் ஊதியம் பெறுகிறவர்தானே?

வைகைக்கரையான்:
தம்பி, 2006 முதல் 2017 வரை பதினோரு ஆண்டுகள் நேரடியான நிதி இல்லாமல் அந்தத் திட்டம் எப்படி உயிரோடு இருந்தது என்று முதலில் படியுங்கள். உலகத்தின் அறிவியல் கணக்கீடுகளில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருந்த நூலகம் அது. ஒரு சிலருக்கு ஒரு சில ஆண்டுகள் கிடைத்த நல்கையை வைத்து, 212 பேரையும் ஊழியர்களாக்கி, அவர்களுக்கு அலுவலக நேரம் விதிக்க நீங்கள் யார்? உரிமத்தை எடுத்துப் பாருங்கள். எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. காசு கொடுக்காத நாம், கொடுத்த நாளைக் குறை சொல்கிறோம். இதை நான் எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து, ஏன் காலை பத்து மணிக்கு வெளியிடவில்லை என்று கேட்பார்.

கட்டுமானன்:
உரிமத்தில் உத்தரவாதம் இல்லை என்பது நீதிமன்றத்துக்கு. நான் பேசுவது அக்கறையைப் பற்றி. 2.0இல் ஒரு நம்பை எண்ணின் மதிப்பைப் பைத்தான் ஊடாடு முகப்பில் பார்த்தால் 3.0 என்று மட்டும் வராமல் அதன் வகைப் பெயரும் சேர்ந்து வருகிறது. அதனால் ஆவணத்துக்குள் எழுதி வைத்த சோதனைகள் தோற்றன. விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக மாறியது. சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் சேர்த்தால் எந்த வகை விடை வரும் என்ற விதியே மாறியது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள் என்றே நான் நினைக்கிறேன். குறிப்பாக அந்தப் பழைய விண்டோஸ் 32 பிட் கொடுமை ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இத்தனையும் ஒரே நாளில் வரும்போது, அந்த நாள் எது என்பது அற்பமான கேள்வி என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

வைகைக்கரையான்:
இவ்வளவு நல்ல மாற்றங்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஞாயிறு, ஞாயிறு என்றே நிற்கிறீர்கள். 1.24ஐ மறந்துவிட்டீர்கள். 1.20இல் கைவிடப்போவதாக எச்சரித்த பழைய மாற்றுப்பெயர்களை அந்தப் பதிப்பில்தான் நீக்கினார்கள். எத்தனை பழைய நிரல்கள் அன்று நின்றன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுவும் ஞாயிறுதான். அப்போது யாரும் கிழமையைப் பேசவில்லை, "எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும்" என்றுதான் பேசினார்கள். அதே நீதி இங்கேயும் பொருந்தும். எச்சரிக்கையைப் படிக்காதவர், முன்வெளியீட்டைச் சோதிக்காதவர், பதிப்பைப் பூட்டாதவர், இவர்கள் மூவருக்கும் செவ்வாய்க்கிழமையும் இடிதான் விழுந்திருக்கும். 2.1.0 கூட 2024 ஆகஸ்ட் 18 ஞாயிறு, 2.2.0 டிசம்பர் 8 ஞாயிறு. நம்பை குழு உங்கள் வாதத்தைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கட்டுமானன்:
2.1, 2.2 ஆகியவையும் இருமப் பொருத்தத்தை உடைக்கவில்லை; இதையே மீண்டும் எழுத வைக்கிறீர்கள். 1.24 பைத்தான் மட்டத்தில் பிழை காட்டியது. எந்த வரியில் எந்தப் பெயர் என்று அது தெளிவாகச் சொன்னது, படித்தவுடன் திருத்தலாம். மற்றவர் கம்பைல் செய்த தொகுதி உடைந்தால் பயனர் எதையும் திருத்த முடியாது, அந்த மற்றவருக்காகக் காத்திருக்கத்தான் முடியும். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது எந்த நாள் என்று கேட்டேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சுழியம்:
நான் சொல்கிறேன், எந்த நாளும் அன்று. என் நூலகத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திருத்துகிறேன். செவ்வாய்க்கிழமை வெளியிட்டிருந்தால் என் பயனர்கள் அடுத்த ஞாயிறு வரை ஐந்து நாட்கள் காத்திருந்திருப்பார்கள்.

கட்டுமானன்:
அப்படியானால் உங்கள் ஒருவருடைய ஓய்வு நேரத்துக்கு ஏற்றபடி உலகம் நடக்க வேண்டுமா?

வைகைக்கரையான்:
நம்பையின் மேல் நிற்கும் நூலகங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட "ஒருவர்"களால்தான் நடக்கின்றன. அவர்களுடைய ஞாயிறு உங்கள் திங்கட்கிழமையைவிடக் குறைந்ததன்று. 3.0 வரும்போது அதுவும் ஞாயிற்றுக்கிழமையே வரட்டும். அன்றும் நான் இங்கே இதையே எழுதுவேன்.

கட்டுமானன்:
எழுதுங்கள். நானும் இருப்பேன். செவ்வாய்க்கிழமை என்பதே என் கருத்து.