டிடக்டபிள்: ‘கழிவுத்தொகை’ வேண்டாம், ‘முன்பங்கு’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். மருத்துவக் காப்பீட்டில், நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கொடுக்க வேண்டிய முதல் தொகைதான் டிடக்டபிள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டிடக்டபிள் = கழிவுத்தொகை. இழப்பீட்டிலிருந்து கழிப்பதால் இதுவே பொருத்தம்.

கழிப்பது யார்? காப்பீட்டு நிறுவனம். அவர்கள் கணக்கில்தான் அது கழிவு. நோயாளிக்கு அது கையிலிருந்து போகிற காசு. இலங்கையில் கழிவு என்றால் தள்ளுபடி. ‘கழிவுத்தொகை 500 டாலர்’ என்று படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பில்லில் 500 டாலர் குறையும் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள். ஒருநாள் ராத்திரி வயிற்றுவலி தாங்காமல் எமர்ஜென்சிக்குப் போனாள். சில வாரம் கழித்து காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மேலே தடித்த எழுத்தில் ‘இது பில் அல்ல’. கீழே, ஏற்கப்பட்ட கட்டணம் 2,000 டாலர், நீங்கள் கொடுக்க வேண்டியது 800. படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். “சித்தி, பீஸோட சேர்த்து இன்சூரன்ஸும் கட்டியாச்சே, இது எதுக்கு?” குரல் உடைந்திருந்தது.

நான் சொன்னது இதுதான்: “முதல் 500 உன் பங்கு. மிச்சம் 1,500ல அஞ்சுல ஒரு பங்கு உன்னுது, அது 300. பாக்கி 1,200 அவங்க கொடுப்பாங்க.” சட்டென்று புரிந்துகொண்டாள். சொல் அங்கேயே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ‘என் பங்குக்கு நான் கொடுத்துட்டேன்’ என்று தினமும் பேசுகிறோமே.

ஆகவே, டிடக்டபிளுக்கு முன்பங்கு. அதற்குப் பிறகு மிச்சத்தில் நாம் விகிதப்படி கொடுக்கிற கோ-இன்சூரன்ஸுக்கு வீதப்பங்கு. டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கட்டுகிற கோ-பேக்கு வருகைப்பங்கு. வேறு காப்பீடு இருப்பதால் பல்கலைக்கழகக் காப்பீடு வேண்டாம் என்று கேட்டு வாங்குகிற வேவருக்கு ‘விலக்கு’ என்றே இருக்கட்டும், அதில் குழப்பம் இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் தரம் தெரியும். ஜே-1 என்கிற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர்களின் காப்பீட்டுக்கு அமெரிக்க அரசே விதி வைத்திருக்கிறது: ஒரு விபத்துக்கோ நோய்க்கோ முன்பங்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. எஃப்-1 என்கிற வழக்கமான மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அப்படி மத்திய அரசு விதி இல்லை, பெரும்பாலும் பல்கலைக்கழகம் வைப்பதுதான். இதே இடத்தில் ‘கழிவுத்தொகை 500ஐத் தாண்டக் கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். தள்ளுபடிக்கு வரம்பு வைத்ததுபோல் ஆகி, மாணவருக்குச் சாதகமான விதி பாதகமான விதியாகத் தெரிகிறது.

பங்கு என்றால் பங்குச் சந்தை நினைவு வராதா என்று கேட்பீர்கள். முன்பங்கு, வீதப்பங்கு என்று ஒட்டி எழுதும்போது எனக்கு வரவில்லை. ஆனால் ஆண்டு முழுக்க நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சத் தொகைக்கு ‘பங்கு உச்சம்’ என்று முதலில் எழுதினேன், அது அசல் சந்தைச் செய்திதான். அடித்துவிட்டேன். நில உச்சவரம்பு நமக்குப் பழகிய சொல், எனவே ‘தன்செலவு உச்சவரம்பு’ என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.