முதல் வகைக் கவுண்டர்பாயிண்ட்: ஆசிரியர் சுழித்த மூன்று இடங்கள் ஏன் தவறு?

வீணை மாணவி எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகள் வீணை பயின்ற பிறகு, இவ்வாண்டுதான் மேற்கத்திய இசைக் கோட்பாட்டைத் தொடங்கியிருக்கிறேன். இசையமைப்பாளர் யோஹன் யோசஃப் ஃபூக்ஸ் 1725-இல் வியன்னாவில் வெளியிட்ட ‘கிராடஸ் அட் பர்னாசம்’ நூலிலிருந்து டோரியன் மோடில் (டி-யில் முடியும் பழைய சுர வரிசை) அமைந்த காண்டஸ் ஃபிர்மஸை, அதாவது மாற்றக்கூடாத அடிப்படை மெட்டைக் கொடுத்து, அதற்கு மேலே ஒரு சுரத்துக்கு ஒரு சுரமாக இரண்டாம் குரலை எழுதி வரச் சொன்னார் என் ஆசிரியர் (இதுதான் முதல் வகைக் கவுண்டர்பாயிண்ட்). நான் எழுதியது இது:

மேற்குரல்: ஏ – ஏ – சி – பி – டி – டி – டி – பி – டி – சி – டி
காண்டஸ்: டி – எஃப் – ஈ – டி – ஜி – எஃப் – ஏ – ஜி – எஃப் – ஈ – டி

ஐந்தாவது, ஏழாவது, பத்தாவது இடங்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளக்கம் ஏதும் எழுதவில்லை, அடுத்த வகுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ஐந்தாம் இடைவெளிகள் (இரு முனைச் சுரங்களையும் சேர்த்து எண்ணினால் ஐந்து வருவது, டி–ஏ போல) வரக்கூடாது என்பது தெரியும். நான்காவது இடத்தில் ஆறாம் இடைவெளியும் ஐந்தாவதில் ஐந்தாம் இடைவெளியும்தானே இருக்கின்றன? ஏழாவதில் ஏ-க்கு மேல் டி, அதாவது ச–ம. சட்ஜமும் சுத்த மத்யமமும் சம்வாதி, அதாவது இசைந்து ஒலிப்பவை என்று படித்த எனக்கு அது எப்படி முரணாகும் என்று விளங்கவில்லை. பத்தாவதில் டோரியனுக்கு உரிய சி-யைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆர்கன் வாசிப்பவர் எழுதியது:

சகோதரி, மூன்று சுழிப்புகளும் சரியானவையே.

நான்காவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது இரு குரல்களும் மேல்நோக்கித் தாவுகின்றன: கீழே டி-யிலிருந்து ஜி, மேலே பி-யிலிருந்து டி. பாடகர்கள் இந்தத் தாவல்களின் நடுவே உள்ள சுரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்குரல் டி, ஈ, எஃப், ஜி என்றும் மேற்குரல் பி, சி, டி என்றும் நகரும். கடைசி இரு சுரங்களைப் பாருங்கள்: எஃப்–சி, ஜி–டி. நீங்கள் தவிர்த்துவிட்டதாக நினைத்த இரண்டு ஐந்தாம் இடைவெளிகள் அங்கே ஒளிந்திருக்கின்றன. ஆகவேதான் ஐந்தாம் இடைவெளிக்கோ எட்டாம் இடைவெளிக்கோ இரு குரல்களும் ஒரே திசையில் சென்று சேரக்கூடாது என்பது விதி. எதிர்த்திசையில் சேரலாம்; ஒரு குரல் நிற்க மற்றது நகர்ந்தும் சேரலாம். மூன்றாம், ஆறாம் இடைவெளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனெனில் அவற்றில் இரு குரல்களும் தனித்தனியாகவே காதில் விழுகின்றன. ஐந்திலும் எட்டிலும் அவை ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன.

ச–ம பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு மெட்டில் அடுத்தடுத்து வரும்போது நான்காம் இடைவெளியில் தவறே இல்லை. ஆனால் இரு குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது, கீழே இருக்கும் சுரத்தைக் காது ஆதாரமாக ஏற்க மறுக்கிறது. மத்யம சுருதியில் பாடும்போது ம-வே ச ஆகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதுவே நேர்கிறது. மேலே உள்ள டி ஆதாரமாகவும் கீழே உள்ள ஏ அதன் மந்தரப் பஞ்சமமாகவும் தோன்றுவதால், அடித்தளம் நழுவியதுபோல் ஆகிறது. மூன்று குரல்கள் இருந்தால் மேலுள்ள இரண்டுக்கிடையே நான்காம் இடைவெளி தாராளமாக வரலாம். அடிக்குரலோடு வருவதுதான் சிக்கல்.

பத்தாவது இடம் எளிது. ஈ–சி சிறிய ஆறாம் இடைவெளி. முடிவுக்கு வேண்டியது பெரிய ஆறாம் இடைவெளி விரிந்து எட்டாம் இடைவெளியாவது: கீழே ஈ ஒரு முழுச்சுரம் இறங்க, மேலே சி ஷார்ப் (அரைச்சுரம் உயர்த்திய சி) அரைச்சுரம் ஏற வேண்டும். பழைய ஏடுகளில் இந்த ஷார்ப் பல நேரங்களில் எழுதப்பட்டிருக்காது, பாடகர்களே அறிந்து சேர்த்துக்கொள்வார்கள். ஈ-யில் முடியும் ஃப்ரிஜியன் மோடுக்கு இது தேவையில்லை, அங்கே எஃப்–ஈ என்ற அரைச்சுர இறக்கம் இயல்பாகவே இருக்கிறது.

ஆனால் ஆசிரியர் சுழிக்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. கடைசி ஏழு சுரங்களில் ஐந்து டி! உச்சச் சுரத்தை ஐந்தாவது இடத்திலேயே தாவிப் பிடித்துவிட்டீர்கள். பிறகு இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றதால்தான் ஏழாவதில் நான்காம் இடைவெளி வந்து மாட்டிக்கொண்டது. ஒன்பதாவது இடம் வரை டி-யைத் தொடாமல் எழுதிப் பாருங்கள்.

வீணை மாணவி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. டி-யை நீக்கியதும் மூன்றாவது இடத்தில் இருந்த சி-யும் அவசரப்பட்டதாகவே தோன்றியது. அதை ஜி-க்கு இறக்கினேன். அங்கிருந்து மேற்குரல் படிப்படியாக ஏறத் தொடங்கிவிட்டது:

ஏ – ஏ – ஜி – ஏ – பி – சி – சி – பி – டி – சி ஷார்ப் – டி

மூன்றிலிருந்து நான்குக்கும் ஐந்திலிருந்து ஆறுக்கும் ஐந்தாம் இடைவெளியை எதிர்த்திசையில்தான் அடைகிறேன். நான்கிலிருந்து ஐந்துக்கு இரு குரல்களும் சேர்ந்தே ஏறினாலும் சேருமிடம் மூன்றாம் இடைவெளி. இது சரிதானா? சரியென்றால், இதையே ஒரு ஸ்தாயி இறக்கிக் காண்டஸுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமா?

கோட்பாடு கற்பிப்பவர் எழுதியது:

சரிதான், அம்மா. ஃபூக்ஸின் நூல் அலாய்ஸியஸ் என்ற ஆசிரியருக்கும் யோசஃபஸ் என்ற மாணவனுக்கும் இடையிலான உரையாடல். அந்த ஆசிரியர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவைக் குறிப்பதாக ஃபூக்ஸே சொல்கிறார். அதில் இதே காண்டஸுக்கு யோசஃபஸ் எழுதித் தரும் விடையும் நீங்கள் எழுதியதும் ஒரு சுரம்கூட மாறாமல் ஒன்றே. விதிகளை வைத்துத் தப்பு பார்ப்பதைவிட, மெட்டு எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று யோசித்ததால் இது வந்தது என்பது என் கருத்து. உங்களுக்கு முன் எழுதியவர் கொடுத்த யோசனை அந்த வகையில் மிகச் சரியானது.

கீழே எழுதுவது வேறு கதை. யோசஃபஸ் சறுக்குவதும் அங்கேதான். காண்டஸின் முதல் டி-க்குக் கீழே ஐந்தாம் இடைவெளியில் ஜி-யை வைத்துத் தொடங்குகிறான். அலாய்ஸியஸ் உடனே தடுக்கிறார், ஏனெனில் அடியில் ஜி ஒலித்த கணமே மோடு மாறிவிடுகிறது. கீழ்க்குரலை அதே சுரத்திலோ எட்டாம் இடைவெளியிலோ, அதாவது டி-யில்தான் தொடங்க வேண்டும். முடிவும் மாறுகிறது: காண்டஸ் ஈ–டி என்று இறங்க, கீழே சி ஷார்ப்–டி என்று ஏறி, சிறிய மூன்றாம் இடைவெளி சுருங்கி ஒரே சுரத்தில் சேரும். ஷார்ப் இங்கும் வேண்டும்.

நீங்கள் எழுதியதை அப்படியே இறக்க முடியாது. முதல் சுரமான ஏ, டி-க்குக் கீழே போனதும் நான்காம் இடைவெளியாகிவிடுகிறது. நான்காவது இடத்திலும் அதே கதி. ஆறாவதில் எஃப்-க்கு மேலே சி ஐந்தாம் இடைவெளி. அந்தச் சி-யை எஃப்-க்குக் கீழே வைத்தால், உங்கள் ச–ம மறுபடியும் அடிக்குரலில் வந்து உட்கார்ந்துவிடும்.