"வீண் வாக்கு" வேண்டாம், "கரைசேரா வாக்கு" என்போம்

வணக்கம் நண்பர்களே,

செல்லுபடியான வாக்கு, ஒழுங்காகப் புள்ளடி (X குறி) போட்ட வாக்கு, எண்ணியும் விட்டார்கள், ஆனால் அதனால் யாருக்கும் ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் "வேஸ்டட் வோட்" என்கிறார்களே, அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் "வீண் வாக்கு" என்று போட்டு முடித்துவிடலாம் என்கிறார் சென்னை நண்பர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

2024 நவம்பர் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள், கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மாவும் நானும் தொலைக்காட்சியில் முடிவு பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா போட்ட கட்சிக்குக் கொழும்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. விரலில் மை அப்படியே இருக்கிறது, அதைத் தடவிக்கொண்டே "அப்ப நான் போட்டது வீணாப் போச்சா?" என்று கேட்டார். நிராகரிக்கப்பட்ட வாக்கு வேறு, இது வேறு என்று விளக்கப் பார்த்தேன், ஆனால் இந்த இரண்டாவதற்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. அன்றிலிருந்து இது மனதில் கிடக்கிறது.

வீண் செலவு, வீண் பேச்சு, வீண் வம்பு என்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றிலும் குற்றம் செய்தவர் மேல்தான் விழுகிறது. வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்தவர் மேல் என்ன பிழை? எண்ணும் முறைதான் அந்த வாக்கை ஆசனம் வரை கொண்டுபோகவில்லை. அதோடு "சிறிய கட்சிக்குப் போட்டு வாக்கை வீணாக்காதீர்கள்" என்பது ஒவ்வொரு தேர்தலிலும் பெரிய கட்சிகள் மேடையில் சொல்வது. ஒரு தரப்பின் பிரசாரத்தைக் கலைச்சொல்லாக அச்சிடக் கூடாது. மட்டக்களப்பு அக்கா சொன்ன "இழந்த வாக்கு" அதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதைக் கேட்டால், போன முறை கிடைத்து இந்த முறை கட்சி இழந்த வாக்கு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும்.

அதனால் என் பரிந்துரை "கரைசேரா வாக்கு". வேட்பாளரைப் பற்றிப் பேசும்போது "இந்த முறை கரைசேருவாரா?" என்று கேட்கிறோம்தானே, அதே சொல்தான். புறப்பட்டது, பாதி வழி வந்தது, கரைக்கு வரவில்லை. பழி யார் மேலும் இல்லை. அட்டவணைத் தலைப்பில் நீளமாக இருக்கும் என்பீர்கள். "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்" இதைவிட நீளம், அதை இத்தனை காலமாக அச்சிடுகிறோம்.

இது எங்களுக்கு ஏன் அவசரம் என்று தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். 1970இல் தொகுதிவாரி முறையில் (தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவருக்கே ஆசனம்) நடந்த தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதலான வாக்கு எடுத்தது, கிடைத்தது 17 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு 91. ஏழு வருடத்தில் தலைகீழ். 1977இல் பாதியை மட்டுமட்டாகத் தாண்டிய வாக்கோடு ஐ.தே.க. 168இல் 140 ஆசனத்தைப் பிடித்தது. 29 வீதத்துக்கு மேல் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு வெறும் எட்டு. வடக்குக் கிழக்கில் வாக்குத் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 வீதத்துக்கும் குறைவான வாக்கில் 18 ஆசனம் எடுத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அதாவது வாக்கு எவ்வளவு என்பதைவிட எங்கே கிடக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தவர்களின் வாக்கெல்லாம் கரைசேரவில்லை.

1978 அரசியலமைப்போடு, கட்சிகளின் வாக்குப் பங்குக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. (இந்தப் பெயரை மாற்ற வேண்டாம், இங்கே ஓட்டோக்காரருக்கும் தெரிந்த சொல்.) மாவட்டத்தில் ஆசனப் பங்கு கேட்க ஒரு கட்சி எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்குதான் வெட்டுப்புள்ளி. முதலில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை வீதம், 1988இல் பதினைந்தாம் திருத்தத்தில் அது 5 வீதமானது. அப்போது பிரதமராக இருந்த பிரேமதாசவிடம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் கேட்டுப் பெற்றது என்று இன்றும் சொல்வார்கள். அடுத்த வருடமே முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது. சிறுபான்மைக் கட்சிகளுக்கு விகிதாசார முறை செய்த நன்மை உண்மையானது, அதைக் கைவிடச் சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் விகிதாசாரம் வந்ததும் கரைசேரா வாக்கே ஒழிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. கணக்கைப் பாருங்கள். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம். முதலில் வந்த கட்சிக்குப் போனஸாக ஒன்று போய்விடும், மிச்சம் 17. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற கட்சிகளின் வாக்கைக் கழித்துவிட்டு, மீதியை 17ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை வரும். அந்த விலையை முழுதாகக் கொடுத்தவர்களுக்கு முதலில் பங்கு, பிறகு மீதி வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு எஞ்சிய ஆசனங்கள். நான்கு ஆசனமே உள்ள திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இந்த விலை எங்கேயோ போய் நிற்கும். 5 வீதத்தைத் தாண்டினாலும் வெறுங்கைதான்.

அதே தேர்தலில் தேசிய மக்கள் சக்தி எடுத்த வாக்கு ஏறக்குறைய 61.5 வீதம். நாடு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடும் தேசியப் பட்டியலில் 29இல் 18 கிடைத்தது, அது வாக்குக்குச் சரியான அளவு. மாவட்டங்களிலோ 196இல் 141, கிட்டத்தட்ட 72 வீதம். மட்டக்களப்பைத் தவிர 21 மாவட்டங்களின் போனஸும் அவர்களுக்கே போனது இதில் பெரிய காரணம். யாழ்ப்பாணத்தில் கால்வாசி வாக்குக்கு ஆறில் மூன்று ஆசனம் கிடைத்தது. தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்று ஆளுக்கொரு துண்டாகப் பெற்றவற்றில் பல கரைசேரவில்லை. நாளைக்கு வேறு கட்சி முதலில் வந்தாலும் இதுதான் நடக்கும். போனஸ் ஆசனத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு குறை விருப்பு வாக்கு. சிங்களத்தில் மனாபய. கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை. மட்டக்குளியிலிருந்து அவிசாவளை வரை ஒரே மாவட்டம், அத்தனை இடத்திலும் தன் இலக்கத்தைப் பதிய வைக்க ஒருவருக்கு எவ்வளவு காசு வேண்டும்! அந்தப் போட்டியும் சொந்தக் கட்சிக்காரனோடுதான். பழைய மத்திய கொழும்புத் தொகுதிக்கு மூன்று உறுப்பினர், ஆளுக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒருவருக்கே போடலாம் என்று அம்மா இப்போதும் சொல்வார். அப்போது எங்கள் பகுதிக்கு எம்பி யார் என்று தெரியும், இப்போது வடிகால் அடைத்தால் பதினெட்டுப் பேரில் யாரிடம் போவது?

கடைசியாக ஒரு வரையறைச் சிக்கல். வெற்றி பெற்றவருக்குத் தேவைக்கு மேலே விழுந்த வாக்கையும் ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குள் அடக்குபவர்கள் உண்டு. தமிழில் அதைப் பிரித்து "மிகை வாக்கு" என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த வாக்காளருக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இருக்கிறார். வெட்டுப்புள்ளியில் கழிந்ததும் மீதியாக நின்று ஆசனம் பெறாததும் இரண்டுமே கரைசேரா வாக்கு.

வாக்கெண்ணும் நிலையங்களில் வேலை செய்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வெட்டுப்புள்ளியில் கழிக்கும் அந்தத் தொகையை அங்கே என்ன சொல்லிக் குறிப்பீர்கள்? ஏற்கெனவே புழங்கும் நல்ல சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.