ஐந்து நிமிடத் தாமதத்துக்கு 2ஆம் வகுப்புப் பிள்ளையை வெயிலில் நிறுத்துகிறார்கள், என்ன செய்வது?

இரண்டாம் வகுப்பு அம்மா:
மகள் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 2ஆம் வகுப்பு. 8.40க்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் மாமியாருக்கு இன்சுலின் போட்டு, சாப்பிட வைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி ஸ்கூட்டியை எடுக்கும்போதே 8.20 ஆகிவிடும், வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அவ்வளவுதான். இந்த மாதம் நான்கு நாள் தாமதம். மூன்று முறை டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காவது நாள் முதல் பீரியட் முடியும்வரை கொடிக்கம்பத்துப் பக்கம் வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்கள். பையைக்கூட இறக்கி வைக்க விடவில்லையாம்.

அன்றிலிருந்து விடியற்காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டு "அம்மா, லேட்டாயிடுச்சா?" என்று கேட்கிறாள். நேற்று இட்லியை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டே ஷூ போட்டாள், பாதி வழியில் ஸ்கூட்டியில் நின்றபடியே வாந்தி எடுத்துவிட்டாள். யூனிஃபார்மைத் துடைத்துவிட வண்டியை நிறுத்தினால், நிறுத்தாதே, போ போ என்று அழுகிறாள்.

சேர்க்கும்போது விதிமுறைத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். தாமதமாக வரும் மாணவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி எதுவும் கேட்க முடியாதா? கேட்டால் பிள்ளை மேல் காட்டுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்:
தாராளமாகக் கேட்கலாம் அம்மா. நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்துக்கு மேல் அது போகாது. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனையோ மன உளைச்சலோ தரக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. பை சுமக்கும் ஏழு வயதுக் குழந்தையை நாற்பது நிமிடம் வெயிலில் நிறுத்துவது இதில் வராமல் வேறு எதில் வரும்?

26 வருடமாகத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் தானாகத் தாமதமாக வருவதில்லை, வீட்டில் தாமதமாகிறது, பிள்ளை அதைச் சுமந்துகொண்டு வருகிறது. அதனால் எங்கள் பள்ளியில் தாமதமாக வருகிற பிள்ளையை நேராக வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோருக்குத்தான் போன் போடுவேன். ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் பத்து மணிக்குத்தான் வருவான். விசாரித்தால், அவன் அம்மா விடிவதற்கு முன்பே பூ கட்டப் போய்விடுகிறார், தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதே இவன்தான். அவனை நான் என்னவென்று திட்டுவது? காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிடுகிறான். சமைக்கிற அம்மா அவளுக்கும் ஒரு கரண்டி உப்புமா வைத்துவிடுவார்.

முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் முதல்வர், அதற்கும் அசையாவிட்டால் தாளாளர் என்று எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. நிலைமை மோசமானால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ஆனால் நேரில் போய்ப் பேசினாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

மெட்ரிக் டீச்சர்:
நிறுத்தியது தப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். என் வகுப்பில் 42 பேர். முதல் பீரியடில் ஒவ்வொருவராக ஆறு பேர் உள்ளே வந்தால், வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஆறு முறை திரும்பிப் பார்ப்பார்கள், மறுபடி வரிக்குள் கொண்டுவருவதற்குள் மணி அடித்துவிடும். கேட் சாத்துவதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. டைரியில் எழுதச் சொல்வது நிர்வாகம், எழுதாவிட்டால் கேள்வி எங்களிடம்தான் வரும்.

விதிமுறைத் தாளில் நகம், ஐடி கார்டு, விடுப்புக் கடிதம் என்று பதினைந்து விஷயம் இருக்கும். எனக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று: சாயங்காலம் வழக்கமாக வருகிறவர் இல்லாமல் வேறு யாராவது கூட்டிப்போக வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நான் சித்தப்பாதான் மிஸ்" என்று ஒருவர் வந்து நிற்கிறார், பிள்ளை அவரைப் பார்த்து முழிக்கிறது, அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கை கால் ஓடாது.

இரட்டையர் அப்பா:
எல்லோரும் தாமதத்தைப் பேசுகிறீர்கள், நான் பையைச் சொல்கிறேன். முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, வீட்டுப்பாடமும் கூடாது என்று 2018 நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதற்கு முன், அதே வருடம் மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பும் கொடுத்திருந்தது. என் மகன் பையைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 4 கிலோ 200 கிராம். பள்ளியோடு சண்டை போடலாம் என்று கிளம்பினேன், மனைவிதான் உள்ளே இருப்பதைத் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலும் இரண்டு அடுக்கு டிபனும் மட்டுமே ஒன்றே முக்கால் கிலோ! அது நாங்கள் வைத்தது. பாட்டிலை மாற்றினோம். மிச்சமிருந்த நோட்டுகளுக்காகப் பெற்றோர் கூட்டத்தில் பேசி, டைம்டேபிள்படி அன்றைக்கு உள்ளதை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று ஆக்கினோம். தனியாகப் போகாதீர்கள் சகோதரி, அன்றைக்கு உங்கள் மகளோடு நின்ற மற்ற பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் யாருடைய பிள்ளையையும் தனியாகக் குறி வைக்க முடியாது.

இரண்டாம் வகுப்பு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மூன்று பெற்றோர் சேர்ந்து இன்று முதல்வரைப் பார்த்தோம். 17ஆவது பிரிவைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறியது. இனி யாரையும் வெளியே நிறுத்த மாட்டோம், நேராக வகுப்புக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குப் போன் செய்கிறோம் என்றார். எழுத்தில் கேட்டோம், தாளாளரிடம் பேசிவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் நகலில் சீல் வாங்கி வந்துவிட்டேன். எங்கள் பக்கமும் ஒன்று மாற்றியிருக்கிறோம், மாமியாரின் ஊசியை இனி கணவர் பார்த்துக்கொள்வார், நான் 8.10க்கே கிளம்பிவிடுவேன்.

மகளிடம் சொன்னேன். "நிஜமா நிக்க வேண்டாமா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆனாலும் இன்றிரவு ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.