மறு: ஐஸ்கஸிக்கு ‘வட்டுப் பகிர்வு’ பொருந்துமா?

வணக்கம்.

நம் லினக்ஸ் கையேட்டின் தமிழ் வரைவில், வலையமைப்பு வழியே சேமிப்பிடம் தரும் என்.எஃப்.எஸ்., சாம்பா, ஐஸ்கஸி மூன்றையும் ‘வட்டுப் பகிர்வு’ என்றே எழுதியிருக்கிறோம். முதல் இரண்டில் வட்டை ஆள்வது வழங்கிதான்; வெளியே தெரிவது ஓர் அடைவு மட்டும். அவற்றுக்குக் ‘கோப்புப் பகிர்வு’ போதும்.

ஐஸ்கஸியில் 3260ஆம் துறை (போர்ட்) வழியே வருவது வெறும் வட்டு. பெறும் கணினியில் அது எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயரில் புது வட்டாக முளைக்கும். அதில் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை போடுவது அந்தக் கணினியின் வேலை. இதைப் ‘பகிர்வு’ என்றால், படிப்பவர் இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ஏற்றிவிடுவார் (மவுன்ட்). ஒவ்வொரு கணினியின் கருநிரலும் (கெர்னல்) தன் நினைவகத்தில் இருப்பதையே நம்பி, மற்றது எழுதியதன்மேல் எழுதும். பிழைச்செய்தி உடனே வராது. இங்கே உருவாக்கிய கோப்பு அங்கே தெரியாது, அவ்வளவுதான். கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டும்போதுதான் சேதம் முழுதாக வெளிப்படும்.

என் பரிந்துரை: ‘இரவல் வட்டு’. ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். இதேபோல் வெறும் வட்டைத் தரும் என்பிடிக்கும் இதையே வைக்கலாம்.

-----

> ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும்.

பல கணினிகள் சேர்ந்து பயன்படுத்துவதற்கான கோப்பு முறைமைகளான ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 இருந்தால் பலர் ஏற்றலாமே? அங்கே யார் எப்போது எழுதலாம் என்று ஒழுங்குபடுத்தும் பூட்டு மேலாளர் இருப்பதால்தான் அது நடக்கிறது. அதைக் ‘கூட்டு வட்டு’ என்று பிரித்துவிடலாம்.

மற்றபடி ‘இரவல்’ எனக்குச் சம்மதம். வரைவில் வட்டைத் தரும் டார்கெட்டுக்கு ‘இலக்கு’, அதைப் பெறும் இனிஷியேட்டருக்குத் ‘தொடக்கி’ என்று இருப்பதைப் படித்தால் எது வழங்கி என்றே புரியவில்லை. ‘தருவது’, ‘பெறுவது’ என்றால் தீர்ந்தது.

அந்தப் பகுதியில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தரும் பக்கத்தை அமைக்கும் டார்கெட்சிஎல்ஐ-யில் அனுமதி கொடுப்பது பெறுவதன் ஐக்யூஎன் பெயருக்கு; ஐஸ்கஸியில் ஒரு கணினியின் அடையாளப் பெயர் அது. அந்தப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் உள்நுழைவு மறுக்கப்படும். மெய்நிகர் கணினியைப் படியெடுத்தால் நேர்மாறு: ஐக்யூஎன்னும் சேர்ந்து படியாகி, இரண்டுக்குமே அனுமதி கிடைத்துவிடும். மேலே சொன்ன சேதம் இப்படியும் தொடங்கலாம். படியெடுத்ததும், ஐக்யூஎன் எழுதியிருக்கும் இனிஷியேட்டர்நேம் கோப்பில் புதுப் பெயர் போட்டுவிட்டுத்தான் சேவையைத் தொடங்க வேண்டும்.

-----

‘கூட்டு வட்டு’ சரி. ஏற்ற வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பு பற்றிய பகுதிக்கும் ‘இரவல்’ உதவுகிறது. என்எஃப்எஸ் என்று வகை எழுதியிருந்தால் கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி தானே வலையமைப்புக்குக் காத்திருக்கும். இரவல் வட்டில் வகை ஈஎக்ஸ்டி4 என்றிருப்பதால் அதை உள்ளூர் வட்டு என்றே எடுத்துக்கொள்கிறது. இது வலையமைப்பு வழி வரும் வட்டு என்று சொல்லும் நெட்டெவ் விருப்பம் விட்டுப்போனால் தொடக்கத்தில் 90 விநாடி காத்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்கும். அந்த விருப்பத்தின் பெயருக்கு முன்னால் அடிக்கோடு உண்டு, மறக்க வேண்டாம்.

என்எஃப்எஸ்ஸில் ஓர் அடைவை வெளியே தரும் எக்ஸ்போர்ட்டுக்கு ‘ஏற்றுமதி’ வேண்டாம். மவுன்ட்டுக்கு ‘ஏற்று’ இருக்கும்போது ‘ஏற்றுமதியை ஏற்று’ என்று எழுத நேரும். ‘திறந்துவிடு’ போடுவோம். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் முகவரிக்கும் எழுதும் உரிமையைக் குறிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், அந்த முகவரிக்கு இயல்பான படிக்கும் உரிமை மட்டும் கிடைக்கும். எழுதும் உரிமை ஊருக்கே போய்விடும். அந்த இடத்தில் ‘திறந்துவிடு’ என்ற சொல்லே எச்சரிக்கையாகவும் இருக்கும்.

ரூட் ஸ்குவாஷுக்கு வரைவில் உள்ள ‘வேர் நசுக்கல்’ மட்டும் தயவுசெய்து வேண்டாம். தொலைவிலிருந்து வரும் ரூட்டை (எல்லா உரிமையும் உள்ள பயனர்) உரிமையற்ற பயனராக மாற்றுவதுதான் அது. ‘ரூட் தாழ்த்தல்’ சரிவருமா?