‘உயர் ஆபத்துக் குழு’ வேணாம்னா வேற என்ன? (கீ பாப்புலேஷனுக்குத் தமிழ்ல)

எல்லாருக்கும் வணக்கம்,

> ‘உயர் ஆபத்துக் குழுவினர்’ இத்தன வருசமா ஓடிக்கிட்டுத்தான இருக்கு, இப்ப மாத்த என்ன அவசியம்?

சேலம் ஐயா கேட்டதுக்குப் பதில், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கங்க. (புதுசா வாசிக்கிறவங்களுக்கு: எச்.ஐ.வி. தொற்றுக்கு அதிகமா வழி இருக்குற பாலியல் தொழிலாளிக, ஆணோட உறவு வச்சுக்குற ஆணுக, திருநங்கைக, ஊசில போதை ஏத்திக்கிறவங்க, இவங்களத்தான் இங்கிலீஷ்ல ‘கீ பாப்புலேஷன்’ம்பாங்க.)

நான் இங்க மதுரைல ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தோட வருசாந்தர பிளான், பட்ஜெட் இதெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுக்குற ஆளு. போன மாசம் ஆரப்பாளையம் பக்கம் ஒரு மாடில கூட்டம், இருபது இருபத்தஞ்சு பொம்பளையாளுக, ஒரே ஒரு ஃபேன், அதுவும் சத்தந்தான் குடுக்குது, நான் எழுதுனத நானே வாசிக்கிறேன். ‘உயர் ஆபத்துக் குழுவினருக்கான’ன்னு ஆரம்பிச்சதுமே பின்னாடி சுவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்த ஒரு அக்கா கைய நீட்டி, “தம்பி, எங்களுக்கு ஆபத்தா, எங்களால ஆபத்தா? அதச் சொல்லிட்டு மேல படி”ன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குப் பதில் வரல. வீட்டுக்கு வந்து யோசிச்சா அந்தத் தொடர் ரெண்டுக்கும் எடங்குடுக்குது, தெருவுல கேக்குறவன் காதுல ‘இவங்களால ஆபத்து’ன்னுதான் விழும். ஐ.நா.வோட எய்ட்ஸ் அமைப்பான யூ.என்.எய்ட்ஸோட சொல் வழிகாட்டியே ‘ஹை ரிஸ்க் குரூப்’ வேணாம், ரிஸ்க் இருக்குறது நடந்துக்குற விதத்துல, குழுவுல இல்லன்னு சொல்லி ‘கீ பாப்புலேஷன்’க்கு மாறிருச்சு, நம்ம ஃபார்ம்லதான் இன்னும் பழசு.

சரி, மரியாதைய விடுங்க, இதுல காசு இருக்கு. தடுப்பு வேலைக்குப் பணம் தலைய எண்ணித்தான் வருது. மொதல்ல மேப்பிங், எந்தெந்த எடத்துல எத்தன பேருன்னு. அப்புறம் சுமாரா 60 பேருக்கு ஒரு பியர் (அதே ஆளுகள்லருந்து வந்து மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றவங்க), பியருக்கு மேல களப்பணியாளர், ஆணுறை, பால்வினை நோய் சிகிச்சை, டெஸ்ட்டுன்னு ஒவ்வொரு வரியா தொகை ஏறும். ஒரு பேச்சுக்கு 600 பேர் இருக்குற ஏரியான்னு வைங்க, பத்து பியர். ரெஜிஸ்டர் அட்டைல ‘ஆபத்து’ன்னு அச்சடிச்சிருக்குறதப் பாத்துட்டு 180 பேர் பேரு குடுக்காம திரும்பிப் போய்ட்டா மிச்சம் 420, ஏழே பியர். அடுத்த வருசம் திட்டம் போடுறவங்க கைக்கு அந்த 420-தான் போகும், ஏரியால ஆளு கொறஞ்சிருச்சுன்னு சந்தோசப்பட்டுக்குவாங்க. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தோட 2021-26 ஐந்தாம் கட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒதுக்குனது 15,471.94 கோடி, அது நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு), மாநில எய்ட்ஸ் சங்கம் (சொசைட்டி), தொண்டு நிறுவனம்னு எறங்கி எறங்கி கடைசில வந்து நிக்கிற எடம் இந்த ரெஜிஸ்டர்தான். (மாநிலத்துல சொசைட்டி பதிஞ்சு அது வழியா பணத்த விடுற ஏற்பாட்ட 1994-ல மொதல்ல செஞ்சது தமிழ்நாடு, கஜானா நடைமுறைல சிக்காம சீக்கிரம் போகட்டும்னு. இப்ப குடுத்த பணத்தச் செலவழிச்சதுக்கான சான்றிதழ் (யூ.சி.) போய்ச் சேரலன்னா அடுத்த தவணை வராது, அது வேற சோலி.)

நல்ல பேரு வச்சா ஒட்டும்ங்கிறதுக்கு நம்மகிட்டயே சாட்சி இருக்கு. எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்ட்டும் குடுக்குற ஐ.சி.டி.சி.ய ‘நம்பிக்கை மையம்’னு வச்சாங்க, பெரியாஸ்பத்திரில போயி அப்படித்தான் வழி கேக்குறாங்க. ‘திருநங்கை’ வந்தப்புறம் பழைய வசவுச் சொல்ல மேடைல சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல.

‘முக்கிய மக்கள்’னு போட்டுப் பாத்தேன், எங்க ஆபீஸ் பையன் “யாருண்ணே, கவுன்சிலரா?”ங்குறான். ‘இலக்கு மக்கள்’னா வில்லெடுத்துக் குறி வைக்கிற மாதிரி இருக்கு. லாரி டிரைவருக, வெளியூர் வேலைக்குப் போறவங்கள, தொற்று இவங்க வழியா மத்தவங்களுக்குக் கடக்கலாம்ங்கிற அர்த்தத்துல ‘பிரிட்ஜ் பாப்புலேஷன்’ம்பாங்க, அத யாரோ ‘பாலம் மக்கள்’னு பெயர்த்து வச்சிருக்காங்க, மதுரைல அப்படிச் சொன்னா யானைக்கல் பாலத்துக்குக் கீழ படுத்துருக்குறவங்களான்னுதான் கேப்பாங்க.

என் முன்மொழிவு: முதற்காப்பினர். மொதல்ல காப்பு கெடைக்க வேண்டியவங்க. திருவிழாவுக்குக் காப்பு கட்டுற ஊருல வெளக்கவே வேணாம். கிழிங்க, தைங்க.

--------

மறுமொழி, திருச்சியிலிருந்து:

தம்பி, சொல் அழகா இருக்கு, ஆனா வக்கீல் புத்தி சும்மா இருக்கல. 2017 எச்.ஐ.வி. சட்டத்துல (அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10) ‘புரொட்டெக்டட் பெர்சன்’னு ஒரு வரையறை இருக்கு. அது தொற்று உள்ளவங்களயும் அவங்களோட ஒண்ணா வாழுறவங்களயும் குறிக்கும். நீங்க சொல்றது தொற்று வராம பாத்துக்க வேண்டியவங்க. ரெண்டுக்கும் ‘காப்பு’ன்னு வந்தா முதற்காப்பினர் ரெஜிஸ்டர்ல பேரு இருக்குறவங்களுக்கெல்லாம் தொற்று இருக்குன்னு எவனாவது எழுதிருவான். அதுபோக காப்பினர்னா காக்குறவங்களா, காக்கப்படுறவங்களா? ஆபத்துக்கு நீங்க சொன்ன அதே கொற.

--------

அக்காவுக்கு வணக்கம்,

ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு, பியரா வேலை பாக்குறவங்க அதே ஆளுகள்லருந்துதான் வர்றாங்க, காக்குறதும் அவங்களே காக்கப்படுறதும் அவங்களேன்னு எழுதலாம்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் அந்த ஆரப்பாளையத்து அக்காவ மாட்டுத்தாவணில பாத்தேன், டீ குடிச்சுக்கிட்டே கேட்டேன். ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, “காப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா போலீஸ்காரன் மாட்டுறதும் காப்புதான?”ன்னாங்க.

முடிஞ்சது கதை. பேப்பர்ல தெனமும் ‘காப்பு’ன்னு தலைப்பு பாக்குறோம், எனக்கு அது தோணவே இல்ல, அவங்களுக்கு மொத அதான் தோணுது. ‘முன்கவனிப்பு’ன்னு இன்னொண்ணு கையில வச்சிருந்தேன், “கவனிக்கிறதுன்னா அதுக்கும் ஸ்டேசன்ல வேற அர்த்தம்”னு சொல்லிட்டாங்க. அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்கன்னேன். “ரேசன்ல கர்ப்பிணிய முன்னாடி விடுறாங்கள்ல, அது மாதிரி எங்கள முன்வரிசைல விடுங்கன்னு எழுது”ன்னாங்க.

முன்வரிசையினர். நோயும் இல்ல, ஆபத்தும் இல்ல, சட்டத்தோடயும் மோதாது. முன்களப் பணியாளரோட கொழம்புமான்னு சேலம் ஐயா பாத்துச் சொல்லணும். காப்ப மருந்துக்கு வச்சுக்குவோம்: தொற்றுக்கு வழி இருக்குறவங்க முன்கூட்டியே எடுக்குற பிரெப்புக்கு முற்காப்பு, தொற்று வந்துருக்கலாம்ங்கிற சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் எடுக்குற பெப்புக்குப் பிற்காப்பு. முற்பகல் பிற்பகல் மாதிரி, புணர்ச்சி விதியும் சரியா இருக்கு.

வெள்ளிக்கிழமை பட்ஜெட் ஷீட் போகணும். ‘முன்வரிசையினர் – பியர் மதிப்பூதியம்’னு மொத வரில அடிச்சுட்டேன். கிளம்பும்போது அந்தக்கா கேட்டது அந்த வரியோட வலது பக்கக் கட்டத்தப் பத்தித்தான், மூணு மாசமா வரலையாம்.